கல்முனைக் கோட்டுத் தீர்ப்பு லெஸ்டரில செல்லுமா?

நெசவுக்காரி, மருதமுனை:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். நீளமா எழுதப் போறன், பொறுத்துக் கொள்ளுங்க.

வாப்பாக்கு பதினொரு தறி இரிக்கி. கணக்கு, ஈமெயில், பார்சல் எல்லாம் நான். 2024 டிசம்பர்ல இங்கிலாந்து லெஸ்டரில ஒரு மொத்தக் கடைக்கு 900 சாரனும் 430 துவாயும் கப்பல்ல அனுப்பினம். சாரன் 8 பவுண்ஸ், துவாய் 5. மொத்தம் 9,350. முன்பணம் 2,000 வந்த. மிச்சத்த 2025 பெப்ரவரி 28க்குள்ள தாறண்டு ஓடர் தந்த ஈமெயில்லயே எழுதி இரிக்கி.

பெப்ரவரி போச்சு. மார்ச்சில "சாயம் கழருது" எண்டு வாட்சப்பில ஒரு வொய்ஸ். போட்டோ கேட்டன், இண்டு வரைக்கும் வரல்ல. எங்கட சாரன வாப்பா பதினஞ்சு வருசமாக் கட்டுறாரு, அது கழரல்ல. ஜூன்ல 500 போட்டுட்டு "இப்போதைக்கு இத வைங்க" எண்டாரு. அதுக்குப் புறகு நீல டிக் மட்டுந்தான். 6,850 நிக்கிது. நூல்க் கடைக்கு நாங்க இன்னும் கட்டி முடியல்ல. அதுக்குள்ள பேங்கால கோல் எடுக்காங்க: ஏத்துமதிக் காசு 180 நாளைக்குள்ள நாட்டுக்குள்ள வரணும், ஏன் வரல்லண்டு. நான் என்னத்தச் சொல்ற?

பக்கத்து வீட்டுக் காக்கா சொல்றாரு: "கல்முனைக் கோட்டில போடு. அவன் வரமாட்டான். எக்ஸ்பார்ட்டியா, அவன் இல்லாமலே தீர்ப்பு வரும். அத லண்டனுக்கு அனுப்பினா கடையப் பூட்டிருவானுகள்." அந்த லெஸ்டர் கடை முதலாளி ஒவ்வொரு ஓகஸ்டும் ஊருக்கு வாறவரு. அப்ப கையில நோட்டீசக் குடுத்தாச் சரியாம். உண்மையா?

வயல்காரன், சம்மாந்துறை:

காக்கா சொல்றது சரிதான் தங்கச்சி. 2024ல புதுச் சட்டம் வந்திரிக்கி. வெளிநாட்டுத் தீர்ப்பெல்லாம் இப்ப செல்லும். தைரியமாப் போடுங்க.

கோட்டுக்காரன், கல்முனை:

வயல்காரன், அந்தச் சட்டம் எதிர்த்திசை. 1921, 1937 காலத்துக் கட்டளைச் சட்டங்களுக்குப் பதிலாக வந்தது. வெளிநாட்டுத் தீர்ப்பொன்றை இலங்கையில் பதிந்து நிறைவேற்ற அது வழி சொல்கிறது. நம்முடைய தீர்ப்பு இங்கிலாந்துக்குப் போனால் அங்குள்ள நீதிபதி பார்ப்பது அவர்களுடைய சட்டத்தைத்தான்.

அவர்களிடம் 1920ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. காக்காவுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று விளங்குகிறது. ஆனால் 9ஆம் பிரிவை வாசிக்க வேண்டும். எதிராளி இலங்கையில் வியாபாரம் நடத்தாதவர், இங்கே வசிக்காதவர், தானாக வழக்குக்கு வராதவர், வருவதாக உடன்படவுமில்லை என்றால் அந்தத் தீர்ப்பைப் பதியவே முடியாது. உங்கள் ஆள் நாலிலும் அடங்குகிறார். அவர் வராமல் இருப்பதுதான் உங்களுக்கு வெற்றி என்று காக்கா நினைக்கிறார், அவர் வராமல் இருப்பதுதான் அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கும். அதற்கு மேல் 12 மாதக் கெடு, மாவட்ட நீதிமன்றம் அந்தச் சட்டம் கேட்கும் தரத்தில் அடங்குமா என்ற தனி வாதம் வேறு.

ஓகஸ்ட் யோசனை. உங்கள் பில் யார் பேருக்கு? கம்பனி பேருக்கு என்றால் கடன்பட்டது கம்பனி. முதலாளி கல்யாண வீட்டுக்கு வந்து புரியாணி சாப்பிட்டால் கம்பனி இலங்கைக்கு வந்ததாகாது.

ஆகவே வழக்கு அங்கேதான். லெஸ்டரில் பதிந்த கம்பனி மேல் இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

இனிமேல்தான் முக்கியமான விசயம். லண்டனில் யாரைக் கேட்டாலும் "ஆறு வருசம் இருக்குது, அவசரமில்லை" என்பார்கள். நம்பாதீர்கள். எந்த நாட்டுச் சட்டம் என்று எழுதி வைக்காத விற்பனைக்கு விற்றவருடைய நாட்டுச் சட்டந்தான் பொருந்தும் என்பது அங்குள்ள விதி. காலக்கெடுவும் அந்தச் சட்டத்தோடேயே வரும். நமது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், விற்று ஒப்படைத்த சாமானின் காசுக்கு ஒரே ஒரு வருடம். ஈமெயில் ஓடரை எழுத்து ஒப்பந்தம் என்று வாதிடலாம். ஜூனில் 500 கட்டியதால் கணக்கு அங்கிருந்து திரும்பத் தொடங்கும் என்றும் வாதிடலாம். இரண்டும் நல்ல வாதங்கள். ஆனாலும் 2026 பெப்ரவரி 28க்கு முன் வழக்கைப் போட்டுவிட்டால் வாதமே தேவையில்லை. இடையில் அவரிடமிருந்து "6,850 தர வேண்டியது உண்மை" என்று ஒரு ஈமெயில் எடுக்க முடிந்தால் எடுங்கள். வொய்ஸ் மெசேஜ் போதாது.

களுவாஞ்சிகுடியான், ஈஸ்ட்ஹாம்:

தங்கச்சி, நான் இஞ்ச கணக்காளர் ஒருத்தரிட்ட வேலை செய்யிறன். இப்பிடி கடன் வழக்கு எத்தினையோ பாத்திருக்கன். 10,000 பவுண்சுக்குள்ள எண்டபடியா இது சிறு தொகை வழக்கு. தோத்தாலும் மற்றவன்ட லோயர் செலவு பொதுவா நம்மட தலையில விழாது. 5,000க்கு மேல 10,000 வரைக்கும் கோட்டுக் கட்டணம் 455. வெண்டா அதையும் அவன்தான் தரணும். ஒன்லைன்ல போட இஞ்சத்த விலாசம் கேக்கும், நீங்க ஊரில இருந்து போடுறதெண்டா என்1 எண்ட வழக்குப் படிவத்தக் கடதாசியில நிரப்பி அனுப்பணும்.

அதுக்கு முதல் 14 நாள் தவணை குடுத்து ஒரு கடிதம் எழுதுங்க, பில், ஓடர், கப்பல் பத்திரம் எல்லாம் சேத்து. பாதிப் பேர் கடிதத்தோடயே வழிக்கு வருவாங்க. ஏனெண்டா தீர்ப்பு வந்து ஒரு மாசத்துக்குள்ள கட்டாட்டி அது ஆறு வருசம் கோட்டுத் தீர்ப்புப் பதிவேட்டில நிக்கும். பிறகு கம்பனிக்கு ஒருத்தனும் கடன் குடுக்கமாட்டான். 600க்கு மேல எண்டா மேல் நீதிமன்ற ஆக்கள அனுப்பி கடைச் சாமானையும் எடுக்கலாம்.

எல்லாத்துக்கும் முதல் கம்பனீஸ் ஹவுஸ், அதான் இஞ்சத்த கம்பனிப் பதிவகம், அதுட தளத்தில அந்தப் பேரத் தேடிப் பாருங்க. காசு இல்ல. இப்பவே பாருங்க.

நெசவுக்காரி:

பாத்தன். பேருக்குக் கீழ "பதிவு நீக்க முன்மொழிவு" எண்டு கிடக்கு. கசட் அறிவித்தல் பத்து நாளைக்கு முந்தி. இது என்ன?

களுவாஞ்சிகுடியான், ஈஸ்ட்ஹாம்:

கம்பனிய மூடப் பாக்கிறான். தானா விண்ணப்பிச்சிருந்தா ஏழு நாளைக்குள்ள கடன்காரருக்கெல்லாம் பிரதி அனுப்பியிருக்கணும், உங்களுக்கு வரல்லயே, அதுவே குற்றம். அறிவித்தலுக்குப் பிறகு இரண்டு மாசம் போனா பேர் அழியும். பிறகு வழக்குப் போட ஆளே இல்ல, கம்பனிய உயிர்ப்பிக்கத் தனி வழக்கு. இண்டைக்கே ஆட்சேபணை போடுங்க, ஒன்லைன்ல போடலாம். பில்லும் அந்த ஓடர் ஈமெயிலும் போதும். லோயர் தேவையில்ல.

வயல்காரன், சம்மாந்துறை:

நான் சட்டத்த மாத்தி விளங்கிட்டன், மன்னிக்கணும். தங்கச்சி, நாங்க வெளியால அரிசி விக்கக்குள்ள ஏத்துமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில எடுத்திருந்தம். 1978ம் ஆண்டுச் சட்டத்தால வந்த அரச நிறுவனம். காசு வராட்டி அவங்க ஒரு பங்கு தருவாங்க. முடிஞ்ச ஓடருக்கு உதவாது. இருந்தாலும் சொல்லி வைக்கிறன்.

நெசவுக்காரி:

ஆட்சேபணை போட்டுட்டன். ராவு பன்னிரண்டரை ஆகிட்டு. கிடைச்சதா பதில் ஈமெயிலும் வந்திட்டு. வாப்பாட்ட இன்னும் சொல்லல்ல, சுபஹுக்குப் புறகு சொல்லுவன்.

சேர், ஒரு கேள்வி. எங்கட பில்லில கம்பனிப் பேருக்குப் பின்னால "லிமிடெட்" எண்ட சொல்ல நான் போடல்ல. அவரு ஓடரில அப்பிடித்தான் எழுதியிருந்தாரு. திருத்தி திகதி மாத்தாம இன்னொரு பில் அடிக்கவா?

கோட்டுக்காரன், கல்முனை:

வேண்டாம். பழைய பில்லில் ஒரு புள்ளிகூட மாற்றாதீர்கள், மாற்றினால் நல்ல வழக்கு கெட்டுப்போகும். அவர் எழுதியது அவர் கையிலிருந்தே வந்த சான்று. தவணைக் கடிதத்திலும் என்1 படிவத்திலும் கம்பனீஸ் ஹவுசில் உள்ள முழுப் பேரையும் பதிவு இலக்கத்தையும் எழுதுங்கள். முன்பணம் 2,000 எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பேங்க் கடதாசியில் பாருங்கள். கம்பனிக் கணக்கு என்றால் கதை சரி. அவருடைய சொந்தக் கணக்கு என்றால் திங்கட்கிழமை ஒருக்கா வந்து சந்தியுங்கள், யார் மேல் போடுவது என்று இருந்து பேசவேண்டும்.