ஏழு கிணறு, கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸ்: உள்ளே போனவர்கள் சொல்லுங்கள்

சென்னையில் ஏழு கிணறு தெருப் பக்கம் வளர்ந்தவன் நான். எங்கள் பேட்டையில் யாரைக் கேட்டாலும் வள்ளலார் இருந்த வீராசாமிப் பிள்ளைத் தெரு வீட்டுக்கு வழி சொல்வார்கள். தெருவுக்கே பேர் கொடுத்த கிணறு எங்கே என்று கேட்டால் "அதோ, அந்த காம்பவுண்டுக்குள்ள" என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

1772-ல் கேப்டன் பேக்கர் என்பவர் பொறுப்பில் வெட்டிய கிணறுகள் அவை. வெட்டியது பத்து, உருப்படியாக ஊறியது ஏழு. ஏற்றம் போட்டு இறைத்து, குழாய் வழியாகப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பினார்கள். நாளைக்கு 1,40,000 கேலன். இன்றைய ஒன்பதாயிரம் லிட்டர் லாரியில் எழுபது லோடு! சென்னையின் முதல் ஒழுங்கான குடிநீர்த் திட்டம் இதுதான். ஆனால் போனது கோட்டைக்கு. கிணற்றைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு வழக்கம்போல வீட்டுக் கிணறும் குளமும்தான். 1769-ல் ஹைதர் அலி சென்னை வாசல் வரை வந்துவிட்டுப் போனார், மூன்றே வருஷத்தில் கிணறு வெட்டுகிறார்கள். முற்றுகை வந்தால் கோட்டைக்குத் தண்ணீர் வேண்டும் என்ற பயம்தான் காரணமாக இருக்கும் என்பது என் யூகம்.

சின்ன வயதில் அறுந்த காத்தாடியைத் துரத்திக்கொண்டு ஒரு தடவை சுவரேறி உள்ளே குதித்திருக்கிறேன். கிணறு மூடிக் கிடந்தது. மூடி ஓரத்து இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன், செங்கல் வளையம் தெரிந்தது, அதற்குக் கீழே இருட்டு. அதற்குள் வாட்ச்மேன் தாத்தா வந்துவிட்டார். காத்தாடியும் போச்சு. வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

* * *

அண்ணா, ஏழு கிணறு நான் பார்த்ததில்லை. கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸ் தெரியும், எங்கப்பா அங்கே பில்டர் பெட்டில், அதாவது தண்ணீரை வடிகட்டும் மணல் படுகையில், வேலை பார்த்தவர்.

எல்லோரும் அந்தப் பழைய செங்கல் பம்ப் ஹவுஸை போட்டோ எடுப்பார்கள். அப்பாவைக் கேட்டால் அதைப் பற்றி ரெண்டு வார்த்தைதான் வரும். மணல் படுகையைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டை மறந்து பேசுவார். 1914-ல் வந்தது மெதுவாக வடிகட்டும் முறை. அடியில் ஜல்லி, மேலே ஓர் ஆள் இடுப்பளவுக்கு மணல், அதற்கு மேலே ஏரித் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் இறங்கினாலே அதிகம். அழுக்கை மணல் பிடிக்கிறது என்று நாம் நினைப்போம். பெரிய வேலையைச் செய்வது மணலின் மேல்பரப்பில் தானாக வளர்கிற வழவழப்பான படலம். அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் கெட்ட கிருமியைத் தின்றுவிடும். நாளாக ஆக அந்தப் படலமே தடித்துப்போய்த் தண்ணீரை இறங்கவிடாது. அப்போது படுகையை வடியவிட்டு, ஆட்கள் இறங்கி மேல் மணலை விரற்கடை அளவுக்குச் சுரண்டி எடுப்பார்கள். ஆழமாகச் சுரண்டினால் மேஸ்திரி கத்துவார். நல்ல மணல் வீண், வெயிலில் காயவிட்டால் உள்ளே இருக்கிற நல்ல கிருமியும் சாகும். திரும்பத் தண்ணீர் விட்டதும் முதலில் இறங்குவதை ஊருக்கு அனுப்ப மாட்டார்கள், கீழே விட்டுவிடுவார்கள். புதுப்படலம் பிடிக்கணும் இல்லையா.

அப்பா வீட்டுக்கு வரும்போது கணுக்கால் வரை பச்சையாக இருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். பிற்பாடு படிகாரம் போட்டு வேகமாக வடிகட்டும் படுகைகளும் வந்தன. அப்பாவுக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது!

* * *

அக்கா சொன்னது அருமை. ஒரு சின்னச் சேர்க்கை. கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது 1914-ல் இல்லை, 1872-லேயே. பிரேசர் என்ற இன்ஜினியர் போட்ட திட்டம். செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த மண் கால்வாயில் ஓடி வந்து, கீழ்ப்பாக்கத்தில் கட்டிய ஒரு தொட்டிக்குள் விழும். அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாயில், பம்ப் இல்லாமல், தாழ்வைப் பார்த்து ஓடும். வடிகட்டலே கிடையாது. வழியில் மாடு இறங்கினாலும் அந்தத் தண்ணீர்தான் குழாயில்.

அதை மாற்றியவர் ஜே.டபிள்யூ. மேட்லி. மண் கால்வாய்க்குப் பதில் மூடிய செங்கல் கால்வாய், மணல் படுகை, நீராவி பம்ப், எல்லாம் அவர் காலத்து வேலை. இத்தனை செய்தவர் பெயரை ஊர் எங்கே வைத்திருக்கிறது தெரியுமா? தி.நகர் மேட்லி ரோடு, மேட்லி சப்வே. ரெண்டு தூறல் போட்டால் பஸ் மூழ்கும் என்று டிவியில் காட்டுவார்களே, அதே சப்வே. பாவம் மனுஷன்.

வேலை முடிந்த அதே 1914-ல், செப்டம்பர் மாதம்தான் எம்டன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. ஊர் பாதி காலியானது என்பார்கள். அந்தக் களேபரத்தில் குழாயில் சுத்தமான தண்ணீர் வருவதை யார் கவனித்திருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

* * *

எங்கள் மாமனார் குழாய்ப் பக்கம். ஒழுக்கு கண்டுபிடிக்கிற வேலை. நடுராத்திரியில் போக்குவரத்து அடங்கினதும் ஒரு நீள இரும்புக் கம்பியைக் குழாய் மேலோ வால்வு மேலோ வைத்து, மறுமுனையைக் காதில் ஒட்டிக் கேட்பார். ஒழுகினால் பாம்பு சீறுகிற மாதிரி இருக்குமாம். சைக்கிளும் டார்ச்சும் கம்பியுமாகத் தெருமுனையில் காதைச் சாய்த்து நிற்கிறவரைத் திருடன் என்று நினைத்து மடக்கிய கதை வீட்டில் அடிக்கடி ஓடும். மேலே இருக்கிற கட்டடம் பழசா புதுசா என்பது அவருக்குக் கணக்கே இல்லை. பூமிக்குள் எந்த வருஷத்துக் குழாய் எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதுதான் கணக்கு. அது பாதி அவர் தலைக்குள்ளேயே இருந்தது.

* * *

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டபோது நாங்கள் புரசைவாக்கத்தில் இருந்தோம். குடத்தோடு வரிசையில் நிற்கும்போது ஒரு பாட்டி, "கூப்பிடு தூரத்துல வாட்டர் ஒர்க்ஸ், நமக்கு லாரித் தண்ணி" என்றார். கட்டடம் இருந்து என்ன, ஏரியில் இருந்தால்தானே! வரிசையில் யாரும் சிரிக்கவில்லை, பாட்டி மட்டும் சிரித்தார்.

* * *

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அப்பா வேலை பார்த்த காலத்துப் போட்டோ ஏதாவது இருந்தால் போடுங்கள், படுகைக்குள் ஆட்கள் நிற்கிற மாதிரி. கட்டடப் படம் என்னிடம் நிறைய இருக்கிறது, ஒன்றிலும் ஆளே இல்லை.

* * *

ஒன்றே ஒன்று இருக்கிறது தம்பி. அதிலும் மேஸ்திரி முன்னால் வந்து நின்று அப்பாவை மறைத்துவிட்டார். ஸ்கேன் பண்ணி நாளைக்குப் போடுகிறேன்.