சின்ன நாயா, பெரிய நாயா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

தாம்பரம்_மூன்றாம்மாடி:
எங்கள் வீட்டில் நாய் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த நாய் என்பதில்தான் சண்டை. கணவருக்கு லேப் (லாப்ரடார்). எட்டு வயதுப் பையனுக்கு ஹஸ்கி, யூடியூப் உபயம். மாமியாருக்கு எதுவுமே வேண்டாம். வந்தே தீரும் என்றால் "மடியில அடங்குறதா இருக்கட்டும்" என்கிறார். இரண்டு படுக்கையறை ஃப்ளாட், மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, கரண்ட் போனால் நின்றுவிடும். பகலில் வீட்டில் இருப்பது மாமியார் மட்டும்தான், மூட்டுவலிக்காரர். கடையில் விசாரித்தால் எல்லா நாயும் தங்கமான நாய்தான். வளர்த்தவர்களும், வளர்த்து அவதிப்பட்டவர்களும் சொன்னால் நல்லது.

பாம்_தலைமுறை:
தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெள்ளைவெளேர் பாம்தான். பொமரேனியன் என்று நாம் சொல்லிக்கொண்டாலும் அது உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் 2, 3 கிலோவுக்கு மேல் போகாது. நம் பாம் 6, 7 கிலோ இருக்கும், அதிலேயே பெரிய ரகம் 12 கிலோவைத் தாண்டும். வெளிநாட்டு நாயை இறக்குமதி செய்வது அப்போது லேசில்லை. நம் வெயிலைத் தாங்குகிற நாய் இது, அதனால் ஊரெல்லாம் பரவிவிட்டது. தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு பதினாலு பதினைந்து வயசு வரைக்கும் தெம்பாகக் குரைத்துக்கொண்டிருக்கும்.

குரைப்பதுதான் பிரச்சினையே. பால்காரர், கூரியர், மேல்வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம், எதையும் விடாது. தனிவீட்டில் அது காவல். ஃப்ளாட்டில் அது சங்கக் கூட்டத்தில் உங்களைப் பற்றிய தீர்மானம்.

இன்னொன்று. பெரிய நாய் உறுமினால் வீடே பதறும். பாம் உறுமினால் "கோவத்தைப் பாரு குட்டிக்கு" என்று சிரிப்போம். அப்படிச் சிரித்துச் சிரித்தே எங்கள் நாய் கடிக்கிற நாயாகிவிட்டது. லீவுக்கு வந்த சித்தி பையன் அது தின்றுகொண்டிருந்த தட்டில் கை வைத்தான், விரலில் பல் பதிந்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினால் போதும் என்றார் பாட்டி. "நம்ம வீட்டு நாய்தானே, அதுவும் இத்தனூண்டு." அப்பா கேட்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, நேரே ஜிஹெச்சுக்குக் கூட்டிப்போனார். வெறிநோய் நாயின் எடையைப் பார்த்து வருவதில்லையே. தோலுக்குள் போடுகிற ஊசி இப்போது 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அந்தக் காலம் போலத் தொப்புளைச் சுற்றி இல்லை, பயப்பட வேண்டாம்.

பக்அம்மா_கோவை:
செல்போன் விளம்பரத்துல ஒரு குட்டிப்பையன் பின்னாடியே ஓடுமே, அதைப் பாத்து மயங்கின கூட்டத்துல நானும் ஒருத்தி. பக் நல்ல ஜாதிங்க, அதுல சந்தேகமே இல்ல. 8 கிலோதான். எங்கம்மா ஒரு கையில பையும் இன்னொரு கையில நாயுமா கால்டாக்ஸில ஏறிடுவாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா யாரும் முகம் சுளிக்கறதில்ல. குழந்தைங்க வாலை இழுத்தாலும் திரும்பிப் பாத்துட்டு மறுபடியும் படுத்துக்கும்.

ஆனா அந்த மூக்கு! சப்பை மூக்கு அழகா இருக்குன்னு நாம நினைக்கறோம். உள்ள காத்து போக வழியே இல்ல. நாய்க்கு நம்மளாட்டம் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தணும். மூச்சுக்குழலே குறுகலா இருந்தா அது என்ன செய்யும் பாவம்? ஒரு ஏப்ரல் மாசம் பவர்கட். மத்தியானம் நாக்கு நீலம் பாய ஆரம்பிச்சுடுச்சு. வயித்துலயும் காலுலயும் சாதாரண தண்ணிய ஊத்தி, விசிறிட்டே டாக்டர்கிட்ட ஓடினோம். கோயமுத்தூருக்கே இந்தக் கதை. நீங்க தாம்பரம், மே மாசத்தை யோசிச்சுப் பாருங்க அக்கா. முக மடிப்பைத் தினமும் துடைக்கணும், கண்ணு கொஞ்சம் துருத்திட்டு இருக்கறதால சும்மா கீறல் பட்டுடும். குறட்டை தனி. சின்ன நாய்னா செலவு கம்மின்னு சொல்றவங்க எங்க வீட்டு ஏசி பில்லைப் பாக்கல.

ஊசிக்காரர்:
நாய் க்ளினிக்கில் உதவியாளராக இருந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பணத்தில் தொடங்குவோம். நாய்க்கு எல்லாமே கிலோ கணக்கு. மயக்க மருந்து, ஆன்டிபயாடிக், சலைன் எல்லாம் எடைக்கு ஏற்பத்தான். உண்ணி மாத்திரையை எடைவாரியாகத்தான் அட்டை போட்டு விற்கிறார்கள். 4 கிலோ நாயின் அட்டைக்கும் 35 கிலோ நாயின் அட்டைக்கும் விலை வேறு. நம் ஊரில் உண்ணி இல்லாத மாதமே கிடையாது. உண்ணிக் காய்ச்சல் வந்தால் மாத்திரை விலையெல்லாம் சில்லறைக் காசாகத் தெரியும்.

ஆனால் சின்ன நாய்க்குச் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வாயில் பல் நெருக்கமாக இருக்கும், காரை சீக்கிரம் படியும், அதைச் சுத்தம் செய்ய மயக்கம் கொடுத்தாக வேண்டும். முழங்கால் சில்லு நழுவி, நடக்கும்போதே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தத்தும். டேஷண்ட் நீள முதுகுக்காரன், சோபாவிலிருந்து குதித்துக் குதித்துத் தண்டுவடத் தட்டு பிதுங்கி, பின்னங்கால் செயலிழந்து தூக்கிவரப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அளவுக் குட்டிகள் இரண்டு வேளை சாப்பிடாவிட்டாலே சர்க்கரை குறைந்து துவண்டுவிடும்.

விஷமும் கிலோ கணக்குதான். 50 கிராம் டார்க் சாக்லேட்டை 30 கிலோ லேப் திருடித் தின்றால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போகும். அதையே 3 கிலோ நாய் தின்றால் வலிப்பு வரை போகலாம். இரண்டுக்கும் டாக்டருக்கு போன் போட வேண்டும், இரண்டாவதற்கு ஓட வேண்டும்.

லேப் கேட்கும் கணவருக்கு ஒன்று. லேப் எப்போதும் பசி என்று நடிக்கவில்லை. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் பிஓஎம்சி மரபணுவில் பல லேப்களுக்குக் கோளாறு இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பாட்டி பாவப்பட்டுப் போடுகிற இட்லி, அப்பா போடுகிற பிஸ்கட், பையன் ஒளித்துப் போடுகிற சிக்கன் எல்லாம் சேர்ந்து நாய் 45 கிலோ ஆகிவிடும். பிறகு இடுப்பு மூட்டு. அந்த நாயை மூன்றாம் மாடியிலிருந்து யார் தூக்குவது?

கரிசல்காட்டான்:
ஹஸ்கியாம் ஹஸ்கி. பனியில வண்டி இழுக்கிற நாயைத் தாம்பரத்துல கட்டிப் போடுறது என்ன நியாயம்னு தம்பிகிட்டக் கேளுங்க.

எங்க பக்கம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நாலு ஜாதி இருக்கு. 2005ல தபால்துறை நாய்ப் படம் போட்டு நாலு தபால்தலை வெளியிட்டாங்க, அதுல நம்ம ராஜபாளையமும் ஒண்ணு. எங்க வீட்டுல ராஜபாளையமும் உண்டு, சிப்பிப்பாறையும் உண்டு. வெயில் ஒரு பொருட்டே இல்ல. முடி கொட்டுறது கம்மி, நோய்நொடி கம்மி. கம்பஞ்சோறும் மோரும் ஊத்தினாலும் குடிக்கும், கொஞ்சம் கறியும் முட்டையும் போட்டா நல்லது.

ஆனா இதைக் கேட்டுட்டு ஃப்ளாட்டுக்கு வாங்கிறாதீங்க தாயி. சிப்பிப்பாறை கண்ணால பாத்து ஓடிப் புடிக்கிற வேட்டை நாய். முயல் வேட்டையெல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்தோட போச்சு, ஆனா நாய்க்கு அது தெரியாதுல்ல. எதிர்ல பூனை ஒண்ணு ஓடுச்சுன்னா பெல்ட்டைப் புடிச்சிருக்கிற ஆளு கீழ விழுந்துருவாரு, மூட்டுவலிக்காரங்க நிலைமையச் சொல்லவே வேணாம். ராஜபாளையம் ஒரு ஆளத்தான் எஜமான்னு ஏத்துக்கும். வேத்து ஆளு கேட்டைத் தொடக்கூடாது. வெள்ளையா இருக்கிறதுல சிலது காது கேக்காமலே பிறக்கும். வாங்குறவுக குட்டிக்குப் பின்னால நின்னு கைதட்டிப் பாக்கணும். தாய் பக்கத்துல இல்லாம, மத்த குட்டிக இல்லாம, தனியா வச்சுப் பாக்கணும், இல்லன்னா மத்தது திரும்புறதப் பாத்து இதுவும் திரும்பிரும்.

தோட்டம் இருக்கிறவுக வாங்குங்க.

டேன்_பொள்ளாச்சி:
கிரேட் டேன் வளர்த்தேன், 60 கிலோ. தென்னந்தோப்பு வீடு என்பதால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. குணத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் வீட்டுக் கோழிகள் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு தடவைகூட யாரையும் பார்த்துப் பல்லைக் காட்டியதில்லை. வாசலில் சும்மா எழுந்து நின்றாலே போதும், வந்தவர் போன் பண்ணிவிட்டுத்தான் உள்ளே வருவார். எச்சில் ஒழுகும், சுவரில் தெறிக்கும், வால் பட்டு டீ தம்ளர் பறக்கும். சுவரில் அடித்து அடித்து வால் நுனி கிழிந்து ரத்தம் வரும், கட்டுப் போட்டால் கட்டையும் உதறிவிடும். இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது இரண்டு. பெரிய குட்டிக்கு எலும்பு பலமாக வேண்டுமென்று ஆளாளுக்குக் கால்சியம் டானிக் வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்கக்கூடாது என்று எங்கள் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் கூடினால் எலும்பு கோணலாக வளரும். வளர்ந்து முடிய ஒன்றரை இரண்டு வருடம் ஆகும், அதுவரை ஆள் உயர உடம்பில் குட்டிப் புத்தி. அதோடு வயிறு முறுக்கு. நெஞ்சு ஆழமாக உள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து அப்படியே திருகிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது, வயிறு கல்லாக இறுகும், நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வரும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காலையில் நாய் இருக்காது. எங்களுக்கு அது ராத்திரியில் வந்தது. ஜமக்காளத்தில் படுக்க வைத்து நான்கு மூலையிலும் ஆள் பிடித்து ஏற்றினோம். ஆட்டோ வரவில்லை, தேங்காய் ஏற்றுகிற வண்டிதான் கிடைத்தது. ஆபரேஷன் செய்து பிழைத்தது. அதற்கப்புறம் ஒரே வேளையில் அண்டா நிறையப் போடுவதை நிறுத்திவிட்டு மூன்று வேளையாகப் பிரித்தோம், தின்ற கையோடு ஓடவிடுவதில்லை.

டேன் எட்டு வயதைத் தாண்டினாலே கிழம். பாம்_தலைமுறை பதினைந்து வயசு என்று எழுதியிருப்பதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

தாம்பரம்_மூன்றாம்மாடி:
எல்லோருக்கும் நன்றி. ஹஸ்கி பட்டியலிலிருந்து போயிற்று (வீட்டில் அழுகை). இதற்குள் இன்னொரு சிக்கல். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் "சின்ன நாய்தான் வைக்கலாம், பெரிய நாய் லிஃப்டில் ஏறக்கூடாது" என்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியுமா?

ஊசிக்காரர்:
முடியாது. விலங்கு நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் நாயின் அளவைக் காரணம் காட்டித் தடுக்கக்கூடாது, லிஃப்டைப் பயன்படுத்தவிடாமல் செய்யக்கூடாது என்று இருக்கிறது. அதற்காகச் சங்கத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஒரு சின்னப் பெண்ணை ராட்வைலர்கள் கடித்துக் குதறிய பிறகு, பெரிய நாயைப் பார்த்தாலே ஜனங்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சின்ன நாயும் கடிக்கும். 2008இல் வெளிவந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் மனிதர்கள் மீது பாய்வதில் டேஷண்டும் சிவாவாவும் முன்வரிசையில் இருந்தன. ஆனால் சிவாவா கடித்தால் தையல், ராட்வைலர் கடித்தால் ஐசியூ. இரண்டையும் ஒன்றென்று வாதாடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெல்ட் போட்டு, மற்றவர்கள் இறங்கியபின் லிஃப்டில் ஏறி, மாநகராட்சி உரிமமும் தடுப்பூசி அட்டையும் கையில் வைத்திருந்தால் பேச்சு தானாகக் குறையும்.

தெருநாய்_திருச்சி:
யாரும் நடுத்தர அளவைப் பற்றிப் பேசவே இல்லையே? எங்களிடம் இருப்பது தெருவிலிருந்து எடுத்த பெண் நாய், 16 கிலோ. நான் ஒருத்தியாகவே தூக்கிவிடுவேன், என் அம்மாவால் பெல்ட்டைப் பிடிக்க முடிகிறது. வெயில் தாங்கும், குறட்டை இல்லை, இடுப்பு முதுகுக் கதையெல்லாம் இதுவரை இல்லை. காசு கொடுத்து வாங்கவும் இல்லை.

நீங்கள் குட்டியாக எடுக்காமல், காப்பகத்தில் இரண்டு மூன்று வயது நாயாகப் பாருங்கள் அக்கா. குட்டியைப் பார்த்து அது எத்தனை கிலோ ஆகும், குரைக்குமா, பெரியவர்களை இழுக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, விற்கிறவர் சொல்வதை எழுதி வாங்கவா முடியும்? வளர்ந்த நாயிடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கையில் பெல்ட்டைக் கொடுத்து நாலு எட்டு நடக்கவிடுங்கள். பகலெல்லாம் அதோடு இருக்கப்போவது அவர்தானே. கருத்தடை அறுவை, வெறிநோய் ஊசி எல்லாம் போட்டுத்தான் பெரும்பாலும் தருவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

குட்டிதான் வேண்டும் என்று பையன் மறுபடியும் அழுவான். அதற்கு என்னிடம் யோசனை இல்லை.