எம்ஆர்ஐ-யில் மார்பகக் கன அளவு: அக்குள் பக்க எல்லை எது?

மதுரையில் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை பயிலும் மருத்துவர் நான். புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை அகற்றி, உடனே அடிவயிற்றுத் திசுவால் மறுசீரமைக்கிறோம். அறுவை வரும் வியாழன். "இரண்டும் ஒரே அளவாக இருக்குமா, டாக்டர்?" என்றுதான் அந்த அம்மா கேட்கிறார்.

குப்புறப் படுத்து எடுத்த 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ, 2 மி.மீ. துண்டுகள். மார்பகக் கன அளவை அறிய, ஸ்லைசர் என்ற மருத்துவப் பட மென்பொருளில் மார்பக எல்லையைக் கையால் வரைந்தேன். மூன்று நாளில் மூன்று விடை: 438, 471, 526 மி.லி. தானியங்கிப் பிரிப்பு மார்புத் தசையையும் சேர்த்துக்கொண்டது. மல்லாந்து எடுத்த சிடி-யில் மார்பகம் பக்கவாட்டில் சரிந்துவிடுகிறது. மூன்று வரைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். பின்புறம், தசையை ஒட்டிய கோடுகள் அப்படியே பொருந்துகின்றன; அக்குளை நோக்கி நீளும் வால் பகுதியில் மட்டும் விரல் அகலம் விலகுகின்றன.

அந்த எல்லையை நீங்கள் எந்த உடற்கூற்று அடையாளத்தில் நிறுத்துகிறீர்கள்?