மறு: பின் பற்சக்கரத்தில் 'பிளே': தளர்வா, ஆட்டமா?

வணக்கம். பைக்கின் பாகங்கள் ஒன்றோடொன்று இறுகாமல் அசைவதை ஆங்கிலத்தில் 'பிளே' (play) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடியபோது இங்கே வந்த ஒரு பதிலுக்கு மறுமொழி இது.

> 'பிளே' என்பதற்குத் 'தளர்வு' போதும். எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

எல்லா இடத்துக்கும் பொருந்துகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ('விளையாட்டு' என்று எங்கோ மொழிபெயர்த்திருந்ததை முன்பு ஒருவர் இங்கே போட்டார். சிரித்தாயிற்று, அதை விட்டுவிடலாம்.)

போன வருடம் என் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் 'டக்' என்று சத்தம். பட்டறையில் போய், 'பின்னாடி லூசா இருக்கு' என்றேன். செயின், இரண்டு பற்சக்கரம் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். காசு போயிற்று, சத்தம் போகவில்லை. கோளாறு ஹப்புக்குள், அதாவது சக்கரத்தின் நடுப்பாகத்துக்குள், இருந்த ரப்பரில். எந்த லூசு என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

பெரும்பாலான வண்டிகளில் பின் பற்சக்கரம் நேரே சக்கரத்தோடு முறுக்கப்படுவதில்லை. மெக்கானிக்குகள் கப்ளிங் என்கிறார்களே, அந்த வட்டில்தான் போல்ட் போட்டிருக்கும். கப்ளிங்கின் பற்கள் ஹப்பில் உள்ள அறைகளுக்குள் இறங்கும். நடுவே ரப்பர் துண்டுகள், பெரும்பாலும் 4 முதல் 6. எஞ்சின் வெடுக்கென்று இழுக்கும்போது அந்த அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். பல வண்டிகளில் கப்ளிங்குக்கென்று தனியாக ஒரு பேரிங்கும் உண்டு.

இப்போது சோதனைக்கு வருவோம். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போடுங்கள். சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். செயின் இறுகி நின்ற பிறகும் சக்கரம் மட்டும் சும்மா நகர்கிறதா? ரப்பர் தேய்ந்துவிட்டது. கவனியுங்கள், 'சும்மா' என்கிறேன். அழுத்தித் தள்ளினால் நல்ல ரப்பரும் கொஞ்சம் இடம் கொடுக்கும், அது அதற்கு இட்ட வேலை. தள்ளும் கைக்கு எதிர்ப்பே தெரியாமல் நகர்ந்தால்தான் கோளாறு. முதலாவதை நெகிழ்வு என்றும் இரண்டாவதை ஆட்டம் என்றும் சொன்னால் குழப்பமே இல்லை. இரண்டையும் 'தளர்வு' என்று எழுதினால், நன்றாக இருக்கும் ரப்பரைக் கழற்றி எறிவார்கள்.

செயினின் லூசுக்கு வழக்கிலேயே 'தொய்வு' என்ற சொல் இருக்கிறது. அது இருக்கவேண்டிய ஒன்று. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின் அச்சுக்கும் முன் பற்சக்கரத்துக்கும் உள்ள தூரம் மாறுகிறது. தொய்வே இல்லாமல் இறுக்கினால் செயினும் பேரிங்குகளும் சீக்கிரம் போகும்.

அடுத்தது, பற்சக்கரத்தை இரண்டு ஓரத்திலும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைப்பது. டயர் அசையாமல் பற்சக்கரம் மட்டும் சாய்ந்து சாய்ந்து வந்தால், கப்ளிங் பேரிங்கைச் சந்தேகப்படலாம். டயரும் சேர்ந்து ஆடினால் சக்கரத்தின் பேரிங்குகளைப் பார்க்கவேண்டும். இதற்கு என் பரிந்துரை சாய்ந்தாட்டம். குழந்தையை மடியில் வைத்துச் சாய்ந்தாடச் சொல்வோமே, அதே அசைவு.

போல்ட் லூசாவதற்குக் 'கழலல்' என்ற சொல் போதும். போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருத்தூள் படிந்திருந்தால் அங்கே ஏதோ உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பாகங்களின் பெயரில் இரண்டு. ஹப்புக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சொருகும் நடுக்கட்டைக்குக் குடம் என்றுதான் பெயர். அந்த ரப்பர் குடத்து ரப்பர். கப்ளிங்கைப் 'பற்சக்கரத் தாங்கி' என்று சொல்லலாம் என்ற முன்மொழிவை மட்டும் ஏற்க முடியவில்லை. பேரிங்கைத் தாங்கி என்று எழுதி வருகிறோம். அப்புறம் 'தாங்கியின் தாங்கி தேய்ந்துவிட்டது' என்று எழுதவேண்டி வரும். ஏந்தி என்று வைத்துக்கொள்ளலாமா?

――――

மறு: மறு: பின் பற்சக்கரத்தில் 'பிளே'

ஐயா, 'தளர்வு' என்று எழுதியவன் நான்தான். நெகிழ்வு, ஆட்டம் பிரிவினையை ஒப்புக்கொள்கிறேன். குடமும் சரி. ஆனால் சாய்ந்தாட்டம் பட்டறையில் செல்லுமா? பக்கவாட்டு ஆட்டம் என்றால் எல்லோருக்கும் புரியுமே.

――――

மறு: மறு: மறு: பின் பற்சக்கரத்தில் 'பிளே'

நேற்று டயருக்குக் காற்றடிக்கப் போனபோது தெரிந்த மெக்கானிக்கிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். பக்கவாட்டு ஆட்டம் என்றதும், 'சக்கரம் மொத்தமா ஆடுதா?' என்று கேட்டார். சாய்ந்தாட்டம் என்றதும் சிரித்துவிட்டு, உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் சாய்த்துக் காட்டினார். ஏந்திதான் அவருக்குப் பிடிக்கவில்லை. 'கப்ளிங்னே இருக்கட்டும் சார்' என்றார். அதை இப்போதைக்கு நிலுவையில் வைப்போம்.