அந்த ரயில் பெட்டிப் பாட்டை எப்படி எடுத்தார்கள்?

கேசட்காலம்:
இங்கிலாந்து பாட்டுக் குழு பீட்டில்ஸ் நடித்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' படத்தை நேற்று ராத்திரிதான் முதல் தடவை பார்த்தேன். ரயிலில் சாமான் வண்டிக்குள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று கையில் கிட்டார், பாட்டு ஆரம்பித்துவிடும், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பெண்கள் நின்று பார்ப்பார்கள். ஓடுகிற ரயிலில் இவ்வளவு சுத்தமாகச் சத்தம் எப்படி வரும்? நிஜமாகவே பாடினார்களா? அப்புறம், 1964இல் உலகமே இவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது எதற்குக் கருப்பு வெள்ளை?

நாக்ராமாமா:
பாடவில்லை, வெறும் வாயசைப்புதான். நம் ஊர் ஷூட்டிங்கில் பாட்டை ஓடவிட்டு நடிப்பார்களே, அதே கதை. அந்தப் பாட்டை ஷூட்டிங் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி கடைசியில்தான் பதிவு செய்திருந்தார்கள்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள், அந்த இடத்தில் ரயிலே ஓடவில்லை. லண்டனுக்குப் பக்கத்தில் ட்விக்கன்ஹாம் ஸ்டூடியோவில் ஒரு வேனுக்குள் எடுத்தது, வெளியே ஆட்கள் நின்று வண்டியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். மற்ற ரயில் காட்சிகளில் பெரும்பகுதி நிஜம்தான். மார்ச் 2ஆம் தேதி பாடிங்டனில் ஏறி, சில நாள் ரயிலிலேயே எடுத்தார்கள். ஆனால் படத்தில் ரசிகர் கூட்டம் துரத்தும் ஸ்டேஷன் பாடிங்டன் கிடையாது, மேரிலெபோன். அதை ஏப்ரலில்தான் எடுத்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடப் பெண்களில் ஒருவர் பாட்டி பாய்ட் (Pattie Boyd) என்ற மாடல். குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் அவரைப் பார்த்ததே இந்த ஷூட்டிங்கில்தான், 1966 ஜனவரியில் கல்யாணம்.

எல்பிதட்டு:
கருப்பு வெள்ளைக்குக் காரணம் காசு. படம் எடுத்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனிக்கு முக்கியமாக வேண்டியிருந்தது பாட்டுத் தட்டு. அமெரிக்காவில் இவர்களுடைய ரெக்கார்டு ஒப்பந்தத்தில் சினிமாப் பாட்டு ஆல்பம் சேரவில்லை என்று தெரிந்ததும், சரி, ஒரு படம் எடுத்தால் ஆல்பம் நமக்கு என்று கணக்குப் போட்டார்கள். அதனால் சுமார் 2 லட்சம் பவுண்டுக்குள் சட்டுபுட்டென்று முடிக்க வேண்டும். இந்த மோகம் எத்தனை மாசம் நிற்கும் என்கிற பயம் வேறு. மார்ச்சில் ஆரம்பித்து ஏப்ரல் 24இல் முடித்து, ஜூலை 6இல் லண்டனில் திரையிட்டாயிற்று. அமெரிக்காவில் தட்டு அதற்கும் முன்பே, ஜூனிலேயே கடைக்கு வந்துவிட்டது!

பாதி ஷூட்டிங் வரை படத்துக்குத் தலைப்பே கிடையாது. குழுவின் டிரம்மர் ரிங்கோ வாய்தவறிச் சொன்ன ஒரு வார்த்தைதான் தலைப்பானது, அதற்குக் குழுவின் ஜான் லெனன் அவசரமாகப் பாட்டு எழுத, ஏப்ரல் 16இல் பதிவு. கலரில் எடுத்திருந்தால் இந்த வேகம் தெரிந்திருக்காது என்பது என் கட்சி. அடுத்த வருஷம் 'ஹெல்ப்!' கலரில், பஹாமாஸ், ஆஸ்திரியா என்று செலவழித்து எடுத்தார்கள், எனக்கு அது பாதிதான் பிடித்தது.

நாக்ராமாமா:
'ஹெல்ப்!' படத்தை அப்படித் தள்ளிவிடாதீர்கள் சார். அதில் வரும் இந்திய ஹோட்டல் காட்சியும் ட்விக்கன்ஹாமில் எடுத்ததுதான், அங்கே வாசிக்க வந்தவர்களின் சிதாரைப் பார்த்துத்தான் ஜார்ஜுக்கு அந்தக் கிறுக்கே பிடித்தது.

கேசட்காலம்:
ரொம்ப நன்றி. 1969 ஜனவரியில் புதுப் பாட்டு ஒத்திகையைப் படம் பிடித்தபோது ஜார்ஜ் கோபித்துக்கொண்டு எழுந்து போனாரே, அதுவும் இதே ஸ்டூடியோவா?

எல்பிதட்டு:
அதேதான். 2ஆம் தேதி வந்தார்கள், 10ஆம் தேதி ஜார்ஜ் கிளம்பிவிட்டார். காலங்கார்த்தாலே, குளிரில், பெரிய காலிக் கொட்டகைக்குள், சுற்றிலும் கேமரா ஓட, பாட்டுக் கட்டு என்றால் யாருக்குத்தான் வரும்? அவர் திரும்பி வந்தபோது ட்விக்கன்ஹாமே வேண்டாம் என்று சொல்லி, லண்டன் சேவில் ரோ தெருவில் தங்கள் ஆபீஸின் கீழ்த்தளத்துக்கு மாறினார்கள். அந்தக் கட்டட மொட்டை மாடியில்தான் 30ஆம் தேதி கச்சேரி.