ஏறு பெருங்குடலின் மெசென்ட்ரி எங்கே போகிறது?

கேள்வி (முதலாமாண்டு மாணவி):
சிறுநீரகம், ஏறு பெருங்குடல் இரண்டுமே வயிற்றறையின் உட்புறத்தை மூடும் சவ்வான பெரிட்டோனியத்துக்குப் பின்னால் இருப்பவை என்று படிக்கிறோம். ஆயினும் முன்னதை முதல்நிலை என்றும் பின்னதை இரண்டாம்நிலை என்றும் பிரிக்கிறார்கள். கருவில் குடல் முழுவதும் முதுகுப்புற மெசென்ட்ரியில் (குடலை வயிற்றின் பின்சுவரோடு இணைக்கும் இரட்டைச் சவ்வில்) தொங்கியது உண்மையானால், ஏறு பெருங்குடலுக்குரிய சவ்வு பின்னர் கரைந்துவிடுகிறதா? அதன் வழியே வந்த இரத்தக் குழாய்கள் என்ன ஆகின்றன?

மறுமொழி (உடற்கூறியல் ஆசிரியர்):
கரைவதில்லை, ஒட்டிக்கொள்கிறது. சிறுநீரகம் தொடக்கம் முதலே பின்சுவரில் உருவாவதால் அதற்கு மெசென்ட்ரி இருந்ததே இல்லை. குடலின் கதை வேறு. 6ஆவது வாரத்தில், கல்லீரல் பெருத்து இடத்தை அடைத்துக்கொள்ள, விரைந்து நீளும் நடுக்குடல் (சிறுகுடலின் பெரும்பகுதியும் பெருங்குடலின் முற்பகுதியும் ஆகும் கருக்குடல் பகுதி) தொப்புள்கொடிக்குள் பிதுங்கி, தனக்கு இரத்தம் தரும் மேல் மெசென்ட்ரிக் தமனியை அச்சாகக் கொண்டு இடஞ்சுழியாகத் திரும்பத் தொடங்குகிறது. 10ஆவது வாரத்தில் வயிற்றுக்குள் மீள்கிறது. மொத்தச் சுழற்சி 270 பாகை. கடைசியாக உள்ளே வரும் சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பை) முதலில் கல்லீரலுக்குக் கீழே தங்கி, பிறகு வலப்பக்கமாக இறங்குகிறது. அந்நிலையில் ஏறு பெருங்குடல் பின்சுவரோடு அழுந்துவதால், அதன் மெசென்ட்ரியின் பின் ஏடும் சுவரை மூடிய பெரிட்டோனியமும் இணைந்து ஒரே மெல்லிய திசுத் தளமாகின்றன. டோல்ட் படலம் என்பது இதுவே. குழாய்கள் அதற்கு முன்னே, பழைய இடத்திலேயே, நடுக்கோட்டிலிருந்து வருகின்றன. குறுக்குப் பெருங்குடலும் சிக்மாய்டும் (மலக்குடலுக்கு முந்தைய வளைந்த பகுதி) இப்படி ஒட்டாததால் தொங்கும் நிலையிலேயே நீடிக்கின்றன.

மறுமொழி (அறுவை மருத்துவர்):
ஆசிரியர் சொன்னதை அறுவை அரங்கில் கண்ணாலேயே பார்க்கலாம். பெருங்குடலின் வெளியோரத்தில் ஓடும் வெண்கோட்டைக் கீறி மெதுவாக உயர்த்தினால், ஈரத்தில் ஒட்டிய இரண்டு தாள்களைப் போல அந்தத் தளம் பிரிந்து, குடல் தன் மெசென்ட்ரியோடு நடுக்கோடுவரை எழுந்து வந்துவிடும். ஏறத்தாழ இரத்தமே கசியாது. ஃபார்மலினில் இறுகிய உடலில் இதைத் தேடி ஏமாற வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் ஒட்டாமலே விட்டுப்போவதில் தீங்கு உண்டா?

மறுமொழி (உடற்கூறியல் ஆசிரியர்):
உண்டு. சுழற்சி இடையில் நின்று சீக்கம் மேலேயே தங்கிவிட்டால், பெரியவர்களில் இடமேலிருந்து வலக்கீழாகச் சுமார் 15 செ.மீ. நீளத்துக்குப் பரவியிருக்க வேண்டிய மெசென்ட்ரியின் வேர், குறுகிய காம்பாகச் சுருங்கிவிடுகிறது. நடுக்குடல் முழுவதும் அந்தக் காம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டால் தமனியும் சேர்ந்து நெரிபடும். பிறந்த குழந்தை பச்சை நிறப் பித்தவாந்தி எடுத்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை இதையே முதலில் சந்தேகிக்கிறார்கள்.