ஆய்வேட்டில் நடுநடுவே வெள்ளைத் தாள் வருகிறது, பக்க எண்ணும் குழப்பம். அவசர உதவி!

ஆய்வு மாணவி
வணக்கம். முனைவர் பட்ட ஆய்வேட்டை நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. பிரிண்ட் எடுத்தால் நடுநடுவே வெள்ளைத் தாள் வருகிறது. திரையில் அந்தப் பக்கமே இல்லை, எதைத்தான் அழிப்பது? பக்க எண்ணும் ஓர் இடத்திலிருந்து தப்பாகப் போகிறது. மேலே வரும் இயல் தலைப்பும் தப்பு. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. நெறியாளரிடம் கையெழுத்து வேறு வாங்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

கரும்பலகை
பதற வேண்டாம், சரிசெய்யக்கூடியதுதான். ஆனால் சில விவரம் வேண்டும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? எல்லா இயலும் ஒரே கோப்பிலா? தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிடுகிறீர்களா, இரண்டு பக்கமுமா? வெள்ளைத் தாள் எங்கே வருகிறது: இயலின் கடைசியிலா, நடுவிலா? பக்க எண் எங்கிருந்து தப்புகிறது?

ஏ4 தாள்
தாளின் அளவைப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் சிக்கல். வேர்டில் லெட்டர் என்று இருக்கும், கடையில் ஏ4 தாள் போட்டிருப்பார்கள். லெட்டர் 216க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 210க்கு 297. அகலம் குறைகிறது, உயரம் கூடுகிறது. வரிகள் உடைந்து அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும். லேஅவுட்டில் சைஸ் போய் ஏ4 ஆக்குங்கள், முடிந்தது.

தட்டச்சுக் கூடம்
டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு சீசனில் தினமும் பார்ப்பது இது. இயல் அட்டவணையோடு முடிந்தால், அதற்குப் பின்னால் ஒரு வெற்றுப் பத்தி இருந்தே தீரும், அழிக்க முடியாது. பக்கம் நிறைந்திருந்தால் அந்தப் பத்தி அடுத்த பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பத்திக் குறிகள் தெரியும். அந்தக் கடைசிக் குறியைத் தேர்வு செய்து எழுத்தளவை 1 ஆக்குங்கள், முன்பின் இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். மேலே ஏறிவிடும்.

கரும்பலகை
அது சரியான வழிதான் அண்ணா. ஆனால் அப்படி வரும் வெற்றுப் பக்கம் திரையிலும் தெரியுமே. இவர் திரையில் இல்லை என்கிறார்.

நெடுங்கணக்கு
மாதத்துக்கு ஒருமுறை இதே கேள்வி. ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்கிறீர்கள், அதை எழுதும் கருவியை ஒரு நாள் உட்கார்ந்து கற்றுக்கொள்ளக் கூடாதா? எண்டர் தட்டித்தட்டிப் பக்கத்தை நகர்த்துவது, ஸ்பேஸ் தட்டி நடுவில் கொண்டுவருவது, தலைப்பைக் கையால் போல்டு செய்வது, கடைசி இரவில் உதவி கேட்பது. முதலில் ஸ்டைல், அதாவது தலைப்புக்கும் பத்திக்கும் பெயரிட்டு வைக்கும் வடிவமைப்பு, என்றால் என்னவென்று படியுங்கள். ஹெடிங் 1 ஸ்டைலில் ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் தேர்வு செய்திருந்தால் ஒவ்வோர் இயலும் தானாகவே புதுப் பக்கத்தில் தொடங்கியிருக்கும்.

ஆய்வு மாணவி
வேர்டு 2016. ஏ4தான், பார்த்துவிட்டேன். இயல்கள் முதலில் தனித்தனிக் கோப்பு, இப்போது ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இரண்டும் ஐந்தும் வெளியே கொடுத்துத் தட்டச்சு செய்தவை. வெள்ளைத் தாள் இயல் 2க்கு முன்னால் வருகிறது, 5க்கு முன்னால் வருகிறது, 3க்கு முன்னால் வரவில்லை. இயல் 4இல் படுக்கை வாக்கில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கம் மறுபடியும் 1 என்று தொடங்குகிறது. மேலே நாலாம் இயலிலும் ‘இயல் 1’ என்றே வருகிறது.

கரும்பலகை
நல்லது, பாதி விளங்கிவிட்டது. இரண்டு கேள்வி மட்டும் பாக்கி. ஒரு பக்க அச்சா, இரு பக்க அச்சா? வெள்ளைத் தாள் வரும் இடத்தில் திரையில் பக்க எண் எப்படிப் போகிறது? தொடர்ச்சியாகவா, ஒன்று தாவுகிறதா?

விரைவு வழி
இவ்வளவு யோசிக்க வேண்டாம் தோழி. சேர்க்கும்போது செக்ஷன் பிரேக், அதாவது கோப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் குறி, எல்லாம் கலந்திருக்கும். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் திறந்து, ஸ்பெஷலில் செக்ஷன் பிரேக்கைத் தேர்வு செய்து, ரீப்ளேஸ் பெட்டியைக் காலியாக விட்டு ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுங்கள். ஒரே அடியில் சுத்தம்.

கரும்பலகை
ஆய்வு மாணவி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். செய்துவிட்டிருந்தால் சேமிக்காமல் மூடுங்கள்.

ஒரு செக்ஷனின் தாள் திசை, விளிம்பு, தலைப்பகுதி, பக்க எண் முறை எல்லாம் அந்தச் செக்ஷனின் முடிவில் உள்ள பிரேக்கில்தான் இருக்கின்றன. அதை அழித்தால் மேலே உள்ள பக்கங்கள், கீழே உள்ள செக்ஷனின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். இயல் 4இல் அட்டவணைக்கு முன்னால் உள்ள பிரேக்கை அழித்தால், அதுவரை நிமிர்ந்து நின்ற பக்கங்களும் படுத்துவிடும். எல்லாவற்றையும் அழித்தால் முன்பக்கங்களின் ரோமன் எண்ணும் போய்விடும். எதற்கும் முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

விரைவு வழி
எனக்கு எப்போதும் வேலை செய்திருக்கிறது.

தட்டச்சுக் கூடம்
படுக்கை வாக்கு அட்டவணை இல்லாத கோப்பாக இருந்திருக்கும் தம்பி.

ஆய்வு மாணவி
நகல் எடுத்துவிட்டேன், எதையும் அழிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும்தான் அச்சிட வேண்டும், பல்கலைக்கழக விதி அப்படி. திரையில் 61க்கு அடுத்து 63 வருகிறது! இதுவரை கவனிக்கவே இல்லை.

கரும்பலகை
அதேதான். இயல் 2, 5 இரண்டையும் தட்டச்சு செய்தவர்கள் ‘ஆட் பேஜ்’ வகைப் பிரேக் போட்டிருக்கிறார்கள். அந்த இயல் ஒற்றைப்படைப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று வேர்டுக்குச் சொல்லும் பிரேக் அது. முந்தைய இயல் 61இல் முடிந்தால், 62ஐ வெள்ளையாக விட்டு 63இல் தொடங்கும். அந்த வெள்ளைப் பக்கத்தை வேர்டு திரையில் காட்டாது, அச்சிலும் பிடிஎஃபிலும் மட்டும் கொடுக்கும். நீங்கள் தேடியும் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். இரு பக்கமும் அச்சிடும் புத்தகத்தில் இயல் வலப்பக்கம் தொடங்க இது வேண்டும். ஒரு பக்க அச்சில் வெறும் தாள்தான் வீண். இயல் 3க்கு முன்னால் வராததற்கு, அங்கே பிரேக் வேறு வகையாக இருக்கலாம், அல்லது இயல் 2 இரட்டைப்படைப் பக்கத்தில் முடிந்திருக்கலாம். அதனால் எல்லா இயலையும் ஒருமுறை பாருங்கள். இன்று தப்பித்த இயல், ஒரு பத்தி கூடினால் நாளை மாட்டும்.

செய்ய வேண்டியது: கர்சரை வெள்ளைத் தாளுக்குப் பிறகு வரும் பக்கத்தில், அதாவது இயல் 2இன் முதல் பக்கத்தில் வையுங்கள். முந்தைய இயலின் கடைசியில் வைத்தால் பயனில்லை; ஒரு செக்ஷன் எப்படித் தொடங்குவது என்பது அந்தச் செக்ஷனுக்கு உரிய அமைப்பு. லேஅவுட் தாவலில் பேஜ் செட்டப் பகுதியின் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும், அழுத்துங்கள். வரும் பெட்டியில் லேஅவுட் என்ற பகுதியில் ‘செக்ஷன் ஸ்டார்ட்’ என்று முதலில் இருக்கும். ஆட் பேஜ் என்பதை நியூ பேஜ் ஆக்குங்கள். கீழே ‘அப்ளை டு’வில் ‘திஸ் செக்ஷன்’ இருக்கட்டும். ‘ஹோல் டாக்குமெண்ட்’ கொடுத்தால், நடுவில் கன்டினியூவஸ் பிரேக் (அதே பக்கத்திலேயே அடுத்த செக்ஷனைத் தொடங்குவது) ஏதும் இருந்தால் அதுவும் புதுப் பக்கமாகிவிடும். இயல் 5க்கும் இதே வேலை.

பக்க எண்ணுக்கு, அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில் எண்ணின் மேல் இரட்டைச் சொடுக்கு. பேஜ் நம்பர், ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ். அங்கே ‘ஸ்டார்ட் அட் 1’ என்று இருக்கும், ‘கன்டினியூ ஃப்ரம் பிரீவியஸ் செக்ஷன்’ ஆக்குங்கள். முன்பக்கங்கள் ரோமனிலும் இயல் 1 தொடங்கும் இடம் 1 ஆகவும் இருக்க வேண்டும், அந்த ஓர் இடத்தில் மட்டும் ‘ஸ்டார்ட் அட்’ இருக்கட்டும்.

இயல் தலைப்பு கொஞ்சம் நுட்பம். இயல் 4இல் மட்டும் மூன்று செக்ஷன் இருக்கிறது: அட்டவணைக்கு முன், அட்டவணை, அதற்குப் பின். ஒவ்வொன்றும் ‘லிங்க் டு பிரீவியஸ்’ வழியாக முந்தையதோடு கட்டப்பட்டிருக்கும். கட்டை அவிழ்க்காமல் ‘இயல் 4’ என்று மாற்றினால் பின்னோக்கிப் போய் இயல் 1லும் அதுவே வந்துவிடும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது என்றீர்களே, அது இதனால்தான். ஒவ்வோர் இயலின் முதல் செக்ஷனிலும் கட்டை அவிழ்த்துவிட்டுப் பிறகு தட்டச்சு செய்யுங்கள். இயலின் உள்ளே உள்ள செக்ஷன்களில் கட்டு இருக்கட்டும். கீழ்ப்பகுதிக்கு இது தனி. பக்க எண்ணுக்கு அவிழ்க்கத் தேவையில்லை.

நெடுங்கணக்கு
இத்தனை அவிழ்ப்பும் வேண்டாம். இயல் தலைப்பெல்லாம் ஹெடிங் 1இல் இருந்தால், தலைப்பகுதியில் ஒரே ஒரு ஸ்டைல்ரெஃப் ஃபீல்டு போதும். இன்சர்ட், குவிக் பார்ட்ஸ், ஃபீல்டு, ஸ்டைல்ரெஃப், ஹெடிங் 1. எந்த இயலில் இருக்கிறதோ அந்த இயலின் தலைப்பை அதுவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். எல்லாச் செக்ஷனும் கட்டுப்பட்டே இருக்கலாம். தலைப்பை மாற்றினால் மேலேயும் மாறும். இதற்காகத்தான் ஸ்டைல் படியுங்கள் என்றேன்.

கரும்பலகை
வழி அருமை, ஒப்புக்கொள்கிறேன். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், திட்டுவதற்குப் பதில்.

திருத்துநர்
வெளியே தட்டச்சு செய்த இயல்கள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன? ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய பாமினியா, தமிழுக்கெனத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடா? பாமினி என்றால் பக்கம் சரியானாலும் எழுத்தில் ஒரு பிழை காத்திருக்கும். பாமினியில் ஆங்கிலச் சிறிய எம் தட்டினால் அ, பெரிய எம் தட்டினால் ஆ. வேர்டு அதை ஆங்கிலம் என்றே நினைக்கும். வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் ஆட்டோ கரெக்ட் இயங்கினால் ‘அவர்’ என்று தொடங்கும் வாக்கியம் ‘ஆவர்’ ஆகிவிடும். இப்படிப் பக்கம் பக்கமாகத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

தட்டச்சுக் கூடம்
ஆட்டோ கரெக்டை அணைக்காமல் தட்டினவர் குற்றம் அது, பாமினியின் குற்றம் இல்லை. அச்சில் பாமினியின் அழகு இன்னும் யூனிகோடு எழுத்துருக்களுக்கு வரவில்லை. நாங்கள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் எத்தனை புத்தகம் போட்டோம்!

விடுதலை மென்பொருள்
பேஜ்மேக்கர் 2001இல் 7.0 பதிப்போடு நின்றுவிட்டது அண்ணா. யூனிகோடே தெரியாத மென்பொருள். அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு 2012இல் வந்தபோதே இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தொடங்கியது. தமிழக அரசும் 2010இல் யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையையும் ஏற்றுக்கொண்டது. இன்னும் பாமினியில் ஆய்வேடு அடித்தால் அதில் ஒரு சொல்லையும் யாராலும் தேட முடியாது. ஆய்வேடு நூலகத்தில் பிடிஎஃபாக இருந்து என்ன பயன்?

இன்னொன்று, லிப்ரே ஆஃபீஸில் இந்த வெள்ளைத் தாளை அணைக்க அச்சிடும் பெட்டியிலேயே ஒரு வசதி இருக்கிறது. தானாகச் சேரும் வெற்றுப் பக்கங்களை அச்சிடாதே என்று சொல்லிவிடலாம்.

தட்டச்சுக் கூடம்
தேடலாம் என்பதை மறுக்கவில்லை தம்பி. ஆனால் யூனிகோடு கோப்பைக் கொண்டுவருகிறார்கள், அவர்கள் வீட்டுக் கணினியில் இருக்கும் எழுத்துரு என் கணினியில் இருக்காது. வேர்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். வரியின் உயரம் மாறும், பக்கம் மாறும், பொருளடக்கம் பொய்யாகும். கடைசியில் திட்டு வாங்குவது நான்.

திருத்துநர்
அது பாமினிக்கும் உண்டே. எழுத்துரு இல்லாத கணினியில் பாமினி கோப்பைத் திறந்தால் தமிழே இருக்காது, ஆங்கில எழுத்துக் குவியல்தான். யூனிகோடு என்றால் உருவம் மாறினாலும் தமிழாகவாவது இருக்கும்.

கரும்பலகை
இரண்டு பேரும் சொல்வதற்கு ஒரே மருந்து. கடைக்கு வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள், உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். எழுத்துரு உள்ளேயே போய்விடும், பக்கம் அசையாது. அச்சிடும்போது ‘ஃபிட்’ வேண்டாம், ‘ஆக்சுவல் சைஸ்’ என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் பைண்டிங்குக்காக விட்ட இடது விளிம்பு மாறும்.

ஏ4 தாள்
ஒட்டிய இயல்களில் ஒன்று மட்டும் லெட்டராக இருக்கலாம். தாள் அளவும் செக்ஷனுக்குச் செக்ஷன் தனி. ஏ4 என்று அவர் எந்தப் பக்கத்தில் கர்சரை வைத்துப் பார்த்தார் என்று தெரியவில்லை.

கரும்பலகை
இது நியாயமான சந்தேகம். ஆய்வு மாணவி, இயல் 2இலும் 5இலும் கர்சரை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விடுதலை மென்பொருள்
அரசு ஆணை வந்த பிறகும் பல அலுவலகங்களில் பழைய எழுத்துருதான் என்பது வருத்தமான விஷயம். தட்டச்சு செய்பவர்களுக்கு தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுத்தாலே…

தட்டச்சுக் கூடம்
என் கடைப் பெண்கள் பழைய தட்டச்சு விசைமுறையில் தேர்வு எழுதித் தேறியவர்கள். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். அதே விசைமுறையில் யூனிகோடு அடிக்கவும் மென்பொருள் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள், நாளைக்கே மாறுகிறேன். 99 படி என்று புதிதாக உட்காரவைக்காதீர்கள்.

ஆய்வு மாணவி
வெள்ளைத் தாள் போய்விட்டது!! பக்க எண்ணும் சரி. இயல் 5 லெட்டர்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். ஸ்டைல்ரெஃப் போட்டேன், இயல் 2இல் மட்டும் பழைய தலைப்பே வருகிறது. எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

நெடுங்கணக்கு
இயல் 2இன் தலைப்பு ஹெடிங் 1இல் இல்லை, கையால் பெரிதாக்கியது. அதனால்தான் இயல் 1இன் தலைப்பையே எடுக்கிறது. தலைப்பின் மேல் கர்சரை வைத்து ஹெடிங் 1ஐ அழுத்தினால் ஒரு நொடி வேலை.

கரும்பலகை
போவதற்கு முன் பொருளடக்கத்தின் மேல் வலச்சொடுக்கு செய்து ‘அப்டேட் ஃபீல்டு’ கொடுத்தீர்களா? வெள்ளைத் தாள்கள் போனதால் இயல் 2 முதல் எல்லா எண்ணும் மாறியிருக்கும். ஹெடிங் 1ஐச் சரிசெய்த பிறகு ‘என்டயர் டேபிள்’ கொடுங்கள், அப்போதுதான் இயல் 2 பட்டியலில் ஏறும். பிடிஎஃபை அதற்கு அப்புறம் எடுங்கள். படுக்கை வாக்கு அட்டவணையின் தலைப்பக்கம் பைண்டிங் ஓரமாக வர வேண்டும், கடையில் தாளைத் திருப்பி அடுக்கிவிடப் போகிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரைவு வழி
எனக்கும் இதேபோல் ஒரு சிக்கல். முதல் பக்கத்தில் மட்டும் எண் வரக்கூடாது, ஆனால் வருகிறது. எப்படி எடுப்பது?

கரும்பலகை
எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு?